மூன்று மருமகன்மார் போட்ட காவல்

போன கிழமை கம்பியூட்டர் திருத்தும் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் எழும்பிக் கேட்டார். வீட்டுக் கம்பியூட்டரில் வைரஸ் காவல் மென்பொருள் ஒன்று இருக்க, இன்னும் இரண்டைச் சேர்த்துப் போட்டால் கூடுதல் பாதுகாப்புத்தானே, சேர்? நான் வெடுக்கென்று பாய்ந்துவிட்டேன். பிள்ளை முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்துவிட்டது. கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு ஒரு பழைய பிழை நினைவுக்கு வரும், அதுதான் சங்கதி. தொழிலிலிருந்து ஓய்வு பெற்று வகுப்பு மட்டும் எடுக்கிறேன், ஆனாலும் அந்த நினைவு ஓய்வு பெறவில்லை. ஆகவே வகுப்பில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதித் தருகிறேன். கோபித்ததற்கு மன்னிப்பாகவும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பப் பதில் இரண்டு வரிதான். காவல் மென்பொருள் ஒவ்வொன்றும் கள்ளர்களின் அடையாளங்களைத் தனக்குள் வைத்திருக்கும். இன்னொரு காவல்காரன் உள்ளே வந்தால், அவனிடமுள்ள அடையாளங்களைக் கண்டு அவனையே கள்ளன் என்று பிடிக்கும். மிச்சத்தைப் புத்தகத்தில் பாருங்கள். நான் சொல்லப்போவது புத்தகத்தில் இல்லாதது.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு மாடிக்கடையில் நான் கம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் வீட்டுக்குக் கம்பியூட்டர் வாங்கியவர்களை அப்போது பெயர் சொல்லி அடையாளம் காட்டலாம். அவர்களில் ஒருவர் சம்மாந்துறை மஜீது ஹாஜியார். காணிக் கந்தோரில் முப்பது வருஷத்துக்குமேல் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டச்சில் அவரைப்போல் வேகமான கையை நான் கண்டதில்லை. ஆள் கதைத்து முடிக்குமுன் வசனம் தாளில் இருக்கும் என்று கந்தோரில் சொல்வார்களாம்.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு வேலையைத் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்டார். சண்டையில் ஊர் கலைந்த காலத்தில் வீடுகளோடு காணிப் பெர்மிட்டுகளும் எரிந்துபோயின. வயலுக்குப் போகவும் பல வருஷம் வழியில்லை. வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் காடு மூடிவிட்டது. பெர்மிட்டைத் தொலைத்தவர்கள் நாலு பக்க எல்லையையும் சொல்லி, அதை எழுத்தில் கொடுத்தால் அம்பாறைக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், விசாரித்துப் பார்ப்போம் என்று ஒரு அறிவித்தல் வந்தது. ஹாஜியார் தன் வீட்டு ஹோலில் கம்பியூட்டருக்கு முன் உட்கார்ந்தார். சம்மாந்துறை ஆட்கள், வீரமுனை ஆட்கள், சவளக்கடை ஆட்கள் என்று ஒவ்வொருவராக வந்து பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்வார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நேரே தட்டிவிடுவார். குறிப்புக் கொப்பி என்று ஒன்று கிடையாது. அவ்வளவு வேகமான கைக்குக் கொப்பி தேவைப்படவில்லை.

இனி மருமகன்மாருக்கு வருவோம். ஹாஜியாருக்கு மூன்று பெண்பிள்ளைகள், ஆகவே மூன்று மருமகன்மார். அந்தக் கம்பியூட்டரே மூத்த மருமகன் சவூதியிலிருந்து அனுப்பியது. அதற்குள் ஒரு காவல் மென்பொருள் ஏற்கனவே இருந்தது. இரண்டாவது மருமகன் கொழும்பில் வங்கி உத்தியோகம். மூத்தவர் போட்டது பழசு என்று சொல்லி அவர் ஒரு சீடியைக் கொண்டுவந்து தன்னுடையதைப் போட்டார். மூன்றாவது மருமகன் பாடசாலை ஆசிரியர், அதே வீட்டில் இருப்பவர். இரண்டு பேர் போட்டபின் தான் சும்மா இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஆறு புளொப்பியில், அந்தக் காலத்துச் சின்னச் சதுரத் தட்டுகளில், இன்னொன்றைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டார். மூன்று காவல்காரரும் சேர்ந்தபின் அந்தக் கம்பியூட்டரின் சுவிட்சைப் போட்டுவிட்டு, சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் பாதிதான் திறந்திருக்கும்.

மெதுவாக வேலை செய்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்த உடனே விளங்கிவிட்டது. இரண்டைக் கழற்ற வேண்டும் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் உள்கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எதைக் கழட்டுற தம்பி? மூத்த மருமகன் போட்டதைக் கழட்டினா அவர் என்ன நினைப்பார்? ரெண்டாமத்தவர் கொழும்பிலிருந்து மெனக்கெட்டுக் கொண்டுவந்தவர். கடைசி மருமகன் இஞ்சயே இருக்கார். ஆருட முகத்த நான் முறிக்கிற?"

நம் பக்கத்தில் மருமகன் என்றால் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டைப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்து, அந்த வீட்டிலேயே மருமகனை வைத்து, அவர் வரும் சத்தம் கேட்டால் மாமனார் சாரத்தைச் சரிசெய்துகொண்டு கதிரையை விட்டு எழும்புகிற ஊர் இது. எனக்கும் மாமனார் இருந்தார். நானும் ஒரு வீட்டுக்கு மருமகன்தான். ஆகவே ஹாஜியாரின் சங்கடம் எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால் நான் சொன்ன சொல்: "சரி, இருக்கட்டும் ஹாஜியார்."

இந்த 'இருக்கட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்ல சொல், பண்பான சொல். யாருக்கும் நோகாது. நம் தொழிலில் நான் செய்த பிழைகள் முக்கால்வாசியும் இந்தச் சொல்லோடுதான் தொடங்கியிருக்கின்றன.

அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. புளொப்பியில்தான் வைரஸ் வரும் என்று கடைசி மருமகன் எங்கோ படித்துவிட்டார். ஆகவே புளொப்பி போடவே கூடாது. பயத்தில் வாசலை அடைத்தார்கள், ஆனால் அதே வாசலால்தானே ஒரு பிரதி வெளியே போயிருக்க வேண்டும்? இரண்டு வருஷ வேலைக்கு வெளியில் ஒரு பிரதியும் இல்லை. இதைக் கேட்டபோதும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. விசாரணைக்கு முதல்நாள், புதன்கிழமை, பிரிண்டரை நானே தூக்கிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் அச்சடித்துத் தருவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் என்ன வந்துவிடப்போகிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புளொப்பிக்கு இருந்த தடையில் ஒரே ஒரு விலக்கு நான்தான். கச்சேரிக்குக் கொடுக்கும் மனுவின் மாதிரி ஒன்றை ஹாஜியார் கேட்டிருந்தார். விசாரணைக்கு மூன்று கிழமைக்கு முன், எங்கள் கடைக் கம்பியூட்டரில் இருந்த மாதிரியை ஒரு புளொப்பியில் எடுத்துக்கொண்டு போனேன். கடைசி மருமகன் அதை மூன்று காவலிடமும் காட்டினார். மூன்றும் சுத்தம் என்றன. அவருக்குப் பெரிய திருப்தி. எனக்கும்தான்.

பத்து நாள் போயிருக்கும். எங்கள் கடைக் கம்பியூட்டரில் ஒரு புது வைரஸ் பிடிபட்டது. எழுதும் கோப்புகளுக்குள் ஒளிந்துகொண்டு கோப்புக்குக் கோப்பு தாவுகிற வகை. கடையைத் துப்புரவாக்கிவிட்டோம். இந்த இடைக்காலத்தில் யார் யாருக்குப் புளொப்பி கொடுத்தோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நாலைந்து முகங்கள் வந்தன, அவற்றில் ஹாஜியாரின் முகமும் ஒன்று. ஒவ்வொருவரிடமும் போய், எங்கள் கடையிலிருந்து உங்களுக்கு வைரஸ் வந்திருக்கலாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கடையின் பேர் என்னாவது? இருக்கட்டும், யாரும் சொன்னால் பார்ப்போம் என்று விட்டேன். இது இரண்டாவது 'இருக்கட்டும்'. முதலாவதைவிடக் கேவலமானது.

விசாரணை வியாழக்கிழமை காலை. செவ்வாய் காலை பத்து மணிபோல் கடைக்குத் தொலைபேசி வந்தது. ஹாஜியார் பேசினார். சலாம் சொன்னார், சுகம் கேட்டார்.

"தம்பி, லிஸ்டக் காணல்ல," என்றார்.

கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது முடியவே இல்லை. காரைதீவுச் சந்தியில் படையினரின் செக் பொயின்ட். எல்லோரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், நான் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிற்கிறேன். வைரஸா, வேறு ஏதாவதா? வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று வழியெல்லாம் துஆ கேட்டேன். என் பிழையாக இருக்கக்கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் என் முதல் கவலை. லிஸ்ட் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது.

ஹோலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அச்சடிக்குமுன் கடைசியாக ஒருதடவை வாசித்துக் கேட்க வந்தவர்கள். அவர்களில் வீரமுனை பாக்கியம் அக்காவும் இருந்தார். அவருடைய புருஷன் தம்பிராசா, இரண்டு வருஷத்துக்கு முன் அதே கதிரையில் இருந்து தன் காணியின் நாலு எல்லையையும் சொல்லிவிட்டுப் போனவர். சொல்லி நாலாம் மாதம் இறந்துபோனார். மற்றவர்கள் தொலைந்ததைத் திரும்பவும் சொல்லலாம். பாக்கியம் அக்காவுக்காகச் சொல்ல ஆள் இல்லை.

கடைசி மருமகன் கம்பியூட்டருக்கு முன் உட்கார்ந்து, முழுதாகத் திறக்கப் பொறுக்காமல் அதை நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஆறு முறை போட்டுவிட்டாராம். ஏழாவது முறை திறந்துகொண்டிருந்தது. ஹாஜியார் ஒரு சின்னக் கொப்பியை என் கையில் தந்தார். பட்டியலுக்குக் கொப்பி வைக்காத மனிதர், திரையில் வந்த எச்சரிக்கை ஒவ்வொன்றையும் நேரம் போட்டு, எழுத்துப் பிசகாமல் அதில் எழுதி வைத்திருந்தார். கந்தோர்ப் பழக்கம்.

அதைப் படித்தபோது நடந்ததெல்லாம் வரிசையாக விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது மருமகன் கொழும்பிலிருந்து புதுச் சீடியோடு வந்து தன் காவலைப் புதுப்பித்திருக்கிறார். புதுப்பித்த காவல், பட்டியலுக்குள் ஒளிந்திருந்த வைரஸைப் பிடித்து, பட்டியலையே வேறு பெயரில் தன் அறையொன்றில் பூட்டிவிட்டது. அதோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை, அறையைத் திறந்து எடுத்திருக்கலாம். கடைசி மருமகனின் காவல் அந்தப் பூட்டின அறையைக் கண்டு சந்தேகப்பட்டு, இதை அழிக்கவா என்று கேட்டிருக்கிறது. பெயர் மாறியிருந்ததால் அது தன் பட்டியல்தான் என்று ஹாஜியாருக்குத் தெரியவில்லை. காவல்காரன் கேட்கிறான், ஓம் என்று கட்டையை அமத்திவிட்டார். மூத்தவரின் காவலோ இந்த இரண்டு பேரும் கள்ளர் என்று ஒவ்வொரு முறையும் சத்தம் போட்டிருக்கிறது.

வைரஸின் பெயரும் கொப்பியில் இருந்தது. எங்கள் கடையில் பிடிபட்ட அதே பெயர்.

யாரோ என்னவோ கேட்கிறார்கள், விளங்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் தலைக்குள் தெளிவாக இருந்தது. அழித்த கோப்பு உடனே போய்விடாது, அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூன்று காவல்காரரும் தங்கள் தங்கள் நாட்குறிப்பை ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவார்கள். எங்கே எழுதுவார்கள்? வெற்றிடம் என்று நினைத்து, பட்டியல் கிடக்கும் இடத்தில்தான். கடைசி மருமகன் ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் சிலருடைய காணியை அழித்துக்கொண்டிருந்தார்.

கையை எடுங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும். மாமனாருக்கு முன்னால், அவருடைய சொந்த வீட்டில். விளக்கப்போனால் பத்து நிமிஷம் போகும். சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். திரை இருண்டது. மருமகன் எழும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஹாஜியார் மட்டும் ஒன்றும் கேட்காமல், "மருமகன், கொஞ்சம் தள்ளி இருங்க," என்றார். அவர் மருமகனிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

நான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்கா கிட்ட வந்தார்.

"தம்பி, அவர் சொன்னது அதுக்குள்ளதான் இன்னும் இருக்கா?"

தெரியாது என்பதுதான் உண்மையான பதில். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. "இருக்கும் அக்கா," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நம்பிக்கையோடு சுவரோர வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஹார்ட் டிஸ்க்கைத் துவாயில் சுற்றி ஹாஜியாரின் மடியில் வைத்து, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குத் திரும்பினேன். சந்தியில் செக் பொயின்ட்காரர் துவாயை அவிழ்க்கச் சொன்னார். அந்தக் காலத்தில் இரும்பும் கம்பியுமாக இருக்கும் ஒரு பெட்டியை அந்த இடத்தில் அவிழ்ப்பதைவிடப் பயங்கரமான வேலை வேறில்லை. அவர் அதைக் கையில் எடுத்துக் காதருகே வைத்து ஒருமுறை குலுக்கினார். எனக்கு உயிர் போய் வந்தது. ஹாஜியார் சிங்களத்தில் நிதானமாக, இது கம்பியூட்டரின் மூளை, இதற்குள் வயல் காணிகள் இருக்கின்றன என்று சொன்னார். செக் பொயின்ட்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பெட்டியை மெதுவாகத் திருப்பித் தந்தார்.

கடைக் கம்பியூட்டரில் அந்த டிஸ்க்கை இரண்டாவதாகப் பொருத்திப் பூட்டி, அதில் ஒன்றும் எழுதாதபடி வைத்துக்கொண்டு தேடினேன். அழித்ததை மீட்கும் கருவி ஒரு கோப்பைத் தந்தது. திறக்கவில்லை, துண்டு துண்டாகியிருந்தது. இனி டிஸ்க்கைப் பச்சையாகத் துண்டு துண்டாகத் திறந்து பார்ப்பது ஒன்றுதான் வழி. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இன்றைக்கு இருப்பதுபோல் தமிழ் எழுத்துக்குத் தனி இலக்கம் அப்போது கிடையாது. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தித்தான் தட்டினோம். போர்வையை எடுத்துவிட்டால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பல்லாயிரம் துண்டுகள், எல்லாம் குப்பை. எது பட்டியல், எது வேறு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. செவ்வாய் பொழுதுபடும் மஃரிப் தொழுகைக்குக் கடை பூட்டும்வரை உட்கார்ந்து அரைப் பக்கம் தேறவில்லை.

புதன் காலை கடை திறக்குமுன்பே ஹாஜியார் வந்து வாசலில் நின்றார். நான் திரையைக் காட்டி, இதுதான் நிலைமை என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பத்து விரலும் மேசையில் அசையத் தொடங்கின. திரையில் இருக்கும் எழுத்தைக் கண் பார்க்கிறது, விரல் மேசைப் பலகையில் அந்த எழுத்துகளின் தட்டச்சுக் கட்டைகளைத் தட்டுகிறது, விரல் போன வழியை வாய் சொல்கிறது.

"கிழக்கே பெரிய வாய்க்கால். மேற்கே வண்டிப்பாதை. தெற்கே... அடுத்ததத் திறங்க தம்பி."

கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்தது விரலுக்குத் தமிழாகத் தெரிந்தது. நான் துண்டு துண்டாகத் திறக்க, அவர் வாசிக்க, நான் புதுக் கோப்பில் எழுத, மத்தியானத் தொழுகை லுஹருக்குள் பாதி வந்துவிட்டது. மின்சாரம் ஒருமுறை போய் முக்கால் மணித்தியாலம் வரவில்லை. அந்த முக்கால் மணித்தியாலமும் மணிக்கூட்டைப் பார்ப்பதும் வீதியைப் பார்ப்பதுமாக இருந்தோம்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு பாக்கியம் அக்கா படியேறி வந்து வாங்கில் இருந்தார். தம்பிராசாவின் துண்டு அதுவரைக்கும் கிடைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிடைத்தது.

"வீரமுனை தம்பிராசா. ரெண்டு ஏக்கர். கிழக்கே சின்ன வாய்க்கால். தெற்கே மருதமரமும் அதோட போற வரம்பும்." ஹாஜியாரின் விரல் நின்றது. "அடுத்தது?"

அடுத்த துண்டைத் திறந்தேன். அதைப் படிக்க ஹாஜியாரின் விரல் தேவைப்படவில்லை. சுத்தமான ஆங்கிலம். வைரஸ் இல்லை, எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது. வைரஸ் இல்லை, எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது. அதே வசனம் ஏழு முறை. காவல்காரன் ஒருவன் தன் நாட்குறிப்பை, தம்பிராசா சொன்ன மற்ற இரண்டு எல்லைகளின் மேல் எழுதி வைத்திருந்தான்.

"மத்த ரெண்டு பக்கமும்?" என்று பாக்கியம் அக்கா கேட்டார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். மெஷின் பிழை, கரண்ட் பிழை, மருமகன் திரும்பத் திரும்பப் போட்டதுதான் பிழை என்று சொல்ல எத்தனையோ இருந்தன, எல்லாம் வாய்வரை வந்தன. ஆனால் முந்திய நாள் 'இருக்கும்' என்று சொன்ன வாய் அது, அதற்குமேல் அதற்குத் துணிவில்லை. சொல்லிவிட்டேன். வைரஸ் என் புளொப்பியில் வந்தது. கடையில் பிடிபட்டபோதே தெரிந்தும் உங்களுக்குச் சொல்லவில்லை. மூன்று காவலும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று தெரிந்தும் இருக்கட்டும் என்று விட்டேன். நேற்று இருக்கும் என்று சொன்னதும் தெரியாமல் சொன்னது. மற்ற இரண்டு எல்லையும் போய்விட்டது, அக்கா.

பாக்கியம் அக்கா என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹாஜியாரிடம் கேட்டார்:

"மேக்கால உதுமாலெப்பை காக்காட பூமிதானே? அவர் வந்து சொன்னவரா?"

ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் எழுதிய பக்கங்களைப் பரபரவென்று மேலே தள்ளச் சொன்னார். அக்கா அண்ணன் முறை வைத்துக் காக்கா என்ற சம்மாந்துறை உதுமாலெப்பையின் பெயருக்குக் கீழே இருந்தது: கிழக்கே வீரமுனை தம்பிராசா பூமி, இடையில் ஒற்றை வரம்பு. அவருடைய கிழக்கு இவருடைய மேற்கு. ஒருவர் தன் எல்லையைச் சொல்லும்போது பக்கத்துக்காரனின் எல்லையையும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். முப்பது வருஷக் கிளாக்கருக்கு இது தோன்றாமல் போனது பதற்றத்தால்தான். எனக்குத் தோன்றாததற்கு ஒரு சாட்டும் இல்லை.

வடக்கே யார் என்று மூன்று பேரும் தேடினோம். வடக்குக் காணிக்காரர் ஊரை விட்டுப் போனவர், திரும்பி வரவில்லை, பட்டியலில் அவருக்குப் பெயர் இல்லை. வயலுக்குச் சோறு கொண்டுபோவதோடு சரி, வடக்கு வரம்புப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை என்று அக்கா சொன்னார். நான் எழுதுவதற்காகக் காத்திருந்தேன். காடு என்று போடலாம், அரச காணி என்று போடலாம், ஏதாவது ஒன்றைப் போட்டால் மனு முழுமையாகத் தெரியும். ஹாஜியார் என் கையிலிருந்த கீபோர்டை வாங்கி, வடக்கு: தெரியாது, என்று தானே தட்டினார்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் அச்சடித்து முடித்தோம். இரண்டு பிரதி தாளில், ஒன்று புளொப்பியில். அடுத்த நாள் ஹாஜியார் அம்பாறைக்குப் போய்க் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு கிழமை கழித்து ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பப் பூட்டப் போனேன். இந்த முறை வாசலிலேயே சொல்லிவிட்டேன்: ஒன்றுதான் இருக்கும், மற்ற இரண்டையும் கழற்றாவிட்டால் நான் பூட்டமாட்டேன். எந்த ஒன்று என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

"மூண்டையும் எடுங்க," என்றார் ஹாஜியார். "நீங்க ஒண்டப் போடுங்க. நீங்க எனக்கு மருமகன் இல்லதானே."

நாலாவதாக ஒன்றைப் போட்டேன். மூன்று மருமகன்மாரும் சமமாகக் கோபித்துக்கொண்டார்கள், ஆகவே வீட்டில் பிரச்சினை வரவில்லை. அன்று மாலையே மற்ற நாலு வீட்டுக்கும் போய், எங்கள் புளொப்பியால் வந்ததைச் சொன்னேன். ஒருவர் கதவை அறைந்தார். மற்ற மூவரும் தேத்தண்ணி தந்தார்கள்.

பிள்ளைகளே, உங்கள் காலத்து மென்பொருளுக்கும் என் காலத்து மென்பொருளுக்கும் எவ்வளவோ வித்தியாசம். இன்றைக்கு ஒன்றைப் போட்டால் மற்றது தானாகவே ஒதுங்கிக்கொள்கிறதாம், நல்லது. ஆனால் ஒதுங்காதவர்கள் ஆட்கள்தான். மருமகன் போட்டது, மச்சான் போட்டது, கந்தோர்ப் பெரியவர் போட்டது என்று உங்களிடமும் சொல்வார்கள். அந்த நேரத்தில் உங்கள் வாயில் வரப்போகும் சொல் எனக்குத் தெரியும். அதை விழுங்கிவிடுங்கள். ஒரு நாள் முகம் முறிந்தாலும் பரவாயில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் கையால் ஒன்று பிழைத்துவிட்டால், அடுத்தவன் கண்டுபிடிக்குமுன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், மூன்றையும் செய்யாமல் விட்டவன் என்பதுதான்.

பாக்கியம் அக்காவுக்குக் காணி கிடைத்தது. ஆனால் வடக்கு எல்லைக்குச் சாட்சி இல்லாததால், நில அளவைக்கு வந்தவர்கள் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார்கள். சில வருஷத்துக்குப் பிறகு சவளக்கடைப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, மனம் கேட்காமல் அந்த வயலுக்குப் போனேன். கதிர் முற்றிக் கிடந்தது. அக்கா வாய்க்கால் ஓரம் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் வடக்குப் பக்கம் போய் இப்போதுள்ள வரம்பைக் கடந்து, பழைய வரம்பின் மேடு தெரிகிற இடம்வரை ஒவ்வோர் எட்டாக எண்ணி வைத்து நடந்தேன். பதினேழு எட்டு இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா நிமிர்ந்து நின்று நெற்றிக்குக் கையை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்கால போகாதீங்க," என்று கூப்பிட்டார். "அது நம்மட பூமியில்ல."

ஓம் அக்கா என்று சொல்லிவிட்டு, அந்தப் பதினேழு எட்டையும் திரும்ப நடந்து வந்தேன்.